25 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் நாகர்கோவிலில் கிட்டுமா?

அண்ணன்மாரே, ஒரு உதவி. ஆயில் ஃபில்டரின் பிளாஸ்டிக் மூடியிலேயே முறுக்க வேண்டிய அளவு 25 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கு. கையில் இருப்பதோ வீல் நட்டுக்கான அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் (குறிச்ச அளவுக்கு முறுக்க உதவுற ஸ்பேனர்), அளவே 40-லதான் தொடங்குது. குத்துமதிப்பா முறுக்கினா மூடி வெடிக்கும், லூசா விட்டா ஓ-ரிங் (மூடியோட ரப்பர் வளையம்) ஓரமா ஆயில் கசியும்.

தகர டப்பா ஃபில்டர்னா இந்தத் தொல்லையே இல்ல. ரப்பர்ல புது ஆயில் தடவி, அது முட்டினதும் கையாலேயே முக்கால் சுற்று. பழைய ரப்பர் என்ஜின்ல ஒட்டிக் கிடக்கான்னு மட்டும் பாத்தா போதும். ரெண்டு ரப்பர் சேர்ந்தா மொத்த ஆயிலும் தரையில.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் 5 முதல் 50 வரை அளவுள்ள 3/8 இஞ்ச் ரெஞ்ச் எங்க கிட்டும்? மூடியைக் கவ்விப் பிடிக்க 74 மில்லிமீட்டர், 14 பட்டை கப் சாக்கெட்டும் வேணும். வாடகைக்குத் தாற பட்டறை இருந்தாலும் சொல்லுங்க.