புதிதாக வந்த ஹெர்மன் ஆமை: சாப்பாடு, விளக்கு, குளிர்காலம்

கீற்று கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் இருக்கிறோம். போன வாரம் ஹெர்மன் என்னும் நில ஆமை ஒன்றை வாங்கினோம். இரண்டு வயது, 90 கிராம். கடையில் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தார்கள்: மூன்றடி நீள மரப்பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, சுருள் வடிவ யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு, 60 வாட் சூட்டு விளக்கு, அடியில் வைக்க ஹீட் மேட், தரைக்கு மரச்சீவல், உருண்டைத் தீவனம்.

தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வெள்ளரிக்காய், தக்காளி என்றால் ஆவலாகத் தின்கிறது. தமிழ்க் கடையில் வாங்கும் பசலை, முளைக்கீரை, முட்டைக்கோஸ் கொடுக்கலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு? பெரும்பாலும் ஒரு மூலையில் தலையை உள்ளே இழுத்தபடி கிடக்கிறது. பயமா, நோயா என்று தெரியவில்லை. அக்டோபர் வந்துவிட்டது, குளிர்காலத்தில் தூங்க வைக்க வேண்டுமாமே, இந்த வருடமே செய்யலாமா?

வேலிப்பருத்தி எழுதியது:

சாப்பாட்டை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் சூட்டைப் பாருங்கள். ஆமையின் உடம்புக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. வெளியிலிருந்து சூடு ஏறினால்தான் பசி எடுக்கும், தின்றது செரிக்கும், நோயை எதிர்க்கவும் முடியும். மூலையில் முடங்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் குறைந்த சூடோ உடம்பில் நீர் வற்றியதோதான் காரணமாக இருக்கும். புது இடத்தின் மிரட்சியும் சில நாள் இருக்கும். சூடு சரியாக இருந்தால் அது தானாகத் தணியும்.

பெட்டியின் ஒரு கோடியில் சூட்டு விளக்கு, அதற்கு நேர் கீழே ஆமையின் முதுகு உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். மறுகோடியில் 20-22. இந்த வித்தியாசம் மிக முக்கியம், ஏனென்றால் வேண்டியபோது சூடேற்றிக்கொண்டு, போதுமானதும் விலகிப் போவதுதான் அதன் இயல்பு. மூடிய பெட்டியில் இரண்டு பக்கமும் ஒரே சூடாகிவிடும், காற்றும் நகராது. அதனால் மேலே திறந்த பெட்டிக்கு மாற்றுங்கள்: 120 × 60 சென்டிமீட்டர், பக்கச் சுவர் 30 சென்டிமீட்டர். பலகையை வெட்டி வீட்டிலேயே செய்துவிடலாம். புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்கவைத்துப் பயன்படுத்துகிறவர்களும் நிறைய. சுவர் கண்ணாடியாக இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் தெரிகிறதே என்று ஆமை நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும்.

ஹீட் மேட்டைக் கழற்றிவிடுங்கள். ஆமைக்கு வெயில் மேலிருந்து வருவது. உடம்பு கொதித்தால் மண்ணைத் தோண்டி உள்ளே போகும். அடியிலும் சூடு இருந்தால் அதற்குத் தப்பிக்க இடமே இல்லை, உடம்பு வறண்டுபோகும்.

சுருள் பல்பையும் மாற்றியாக வேண்டும். அதன் கதிர் சிறு வட்டத்துக்குள் விழுந்து வேகமாகக் குறைந்துவிடும். டி5 வகை மெல்லிய குழல் விளக்கு, 12 சதவீத யூவிபி, பிரதிபலிப்பான் வைத்தது வாங்குங்கள். ஆமையின் முதுகுக்கு 30-40 சென்டிமீட்டர் உயரத்தில், சூட்டு விளக்கை ஒட்டியே வரட்டும். வெயில் காயும்போதே யூவிபியும் படவேண்டும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் பயனில்லை, ஜன்னல் வெயிலும் அதனால்தான் உதவாது. வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி மங்கிவிடும். 12 மாதத்துக்கு ஒருமுறை குழலை மாற்றுங்கள். இந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் நீங்கள் எவ்வளவு கால்சியம் தூவினாலும் உடம்பு எடுத்துக்கொள்ளாது. ஓடு மெத்தென்று ஆவதும் பின்னங்கால் இழுப்பதும் அங்கே தொடங்குவதுதான். இரண்டு வயதில் ஓடு நகம் போல உறுதியாக இருக்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் உடனே மருத்துவர்.

விளக்குகள் தினம் 12-13 மணிநேரம், டைமரில். இரவு முழு இருட்டு, 15 டிகிரிக்குக் குறையாத அறை. சிவப்பு, நீல இரவு பல்புகள் வேண்டாம். அறை மிகவும் குளிர்ந்தால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு போடலாம்.

தரைக்கு மரச்சீவல் வேண்டாம். உரம் கலக்காத தோட்ட மண் மூன்று பங்கு, குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் இரண்டு பங்கு, 10-12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. மேற்பரப்பு காய்ந்தும் அடிமண் ஈரமாகவும் இருக்கட்டும். குட்டிகளுக்கு ஈரக்காற்று மிக அவசியம். ஓடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்குப் புரதம்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆப்பிரிக்க சல்காட்டா ஆமைகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வு, வறண்ட காற்றுக்கே அதில் பெரும்பங்கு என்று காட்டியது. குளிர்ந்த பக்கத்தில் ஒரு மறைவிடம் வைத்து, அதற்குள் ஈரப்பாசி போடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் போய்ப் படுக்கும்.

நிலவேம்பு எழுதியது:

வேலிப்பருத்தி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் கீற்று: இன்றிலிருந்தே குளியல். 28-30 டிகிரி வெதுவெதுப்பான நீர், அகலமான தட்டில், ஆமையின் தாடை அளவுக்கு மட்டும். 15 நிமிடம். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. தலையைத் தாழ்த்தி நன்றாகக் குடிக்கும், அதிலேயே மலமும் சிறுநீரும் கழிக்கும். வெள்ளையாகக் குழம்பு போல வருவது யூரேட் என்னும் சிறுநீர்க் கழிவு. பற்பசைப் பதத்தில் இருந்தால் நல்லது. மணல்போல் நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. இதற்கென்று தனித் தட்டு வையுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஆமைகள் சால்மொனெல்லா என்னும் வயிற்றுநோய்க் கிருமியைச் சுமப்பவை; தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகள் கட்டாயமாக.

இனி சாப்பாடு. ஹெர்மன் ஆமை ஸ்பெயினிலிருந்து பால்கன் நாடுகள் வரை காய்ந்த சரிவுகளில் களைகளை மேய்ந்து வாழும் பிராணி. நார் நிறைய, சுண்ணாம்பு நிறைய, சர்க்கரையும் புரதமும் மிகக் குறைவு. அதன் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துத்தான் சத்து எடுக்கின்றன. பழமோ தக்காளியோ போனால் சர்க்கரை அந்தக் கூட்டத்தையே குலைத்துவிடும். வாயுவும் கழிச்சலும் வரும், குடல் ஒட்டுண்ணிகள் பெருகும். ஆவலாகத் தின்கிறது என்பதற்காகக் கொடுக்காதீர்கள். வெள்ளரி வெறும் தண்ணீர்தான். மருந்தை மறைத்துக் கொடுக்க ஒரு துண்டு உதவும், உணவுக் கணக்கில் சேராது.

நீங்கள் தேடவேண்டிய உணவு கடையில் இல்லை, புல்தரையில் இருக்கிறது. டேன்டிலயன் இலையும் பூவும், பிளான்டைன் (வாழையல்ல, பாதையோரம் தரையோடு ஒட்டி வளரும் களை, அகன்ற இலை, ஒடுங்கிய இலை இரண்டும் ஆகும்), சோ திசில், மேலோ, கேட்ஸ் இயர், வெள்ளை டெட் நெட்டில். குளோவரும் வெட்சும் அளவோடு, அவற்றில் புரதம் கூடுதல். செம்பருத்தி இலையும் பூவும் தாராளமாகத் தரலாம், முசுக்கொட்டை இலையும் அருமையானது. தினமும் மூன்று நான்கு வகை கலந்து, ஆமையின் ஓட்டளவு குவியல், ஒரு வேளை. விளக்கு போட்டு ஒரு மணிநேரம் கழித்து வையுங்கள். உடம்பு சூடேறும் முன் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

நாய்களை உலாவவிடும் இடத்திலும், களைக்கொல்லி தெளித்த இடத்திலும், பெருஞ்சாலை ஓரத்திலும் பறிக்காதீர்கள். பட்டர்கப், ஃபாக்ஸ்குளோவ், டாஃபடில், ராக்வோர்ட், ரோடோடென்ட்ரான், அரளி எல்லாம் நஞ்சு. பெயர் உறுதியாகத் தெரியாத இலையை விட்டுவிடுங்கள்.

நம் வீட்டுக் கீரைகள்: பசலை, முளைக்கீரை, பீட்ரூட் இலை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குச் சேரவிடாது. முட்டைக்கோஸ் வகை அடிக்கடி போனால் தைராய்டைக் கெடுக்கும். சோறு, ரொட்டி, பருப்பு, பயறு, நாய்-பூனைத் தீவனம் அறவே கூடாது. மிகுந்த புரதத்தால் ஆமை அவசரமாகப் பருத்து, சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டு மெல்லச் சாகும். உருண்டைத் தீவனம் இல்லாமலே வளர்க்கலாம் என்பது என் உறுதியான கருத்து. காயவைத்த களை இலைக் கலவை குளிர்காலத்துக்கு அதைவிட மேல்.

கால்சியம் கார்பனேட் தூள் ஒரு சிட்டிகை, வாரத்தில் நாலைந்து நாள் இலைமேல் தூவுங்கள். டி3 சேர்ந்த சத்துத்தூள் வாரம் ஒருமுறை போதும். கணவாய் ஓடு ஒன்றை எப்போதும் பெட்டியில் போட்டு வையுங்கள், தேவைப்பட்டால் தானே கடித்துக்கொள்ளும். அலகு தேயவும் உதவும்.

கீற்று எழுதியது:

மிக்க நன்றி. விளக்கும் மண்ணும் இன்றே வாங்குகிறேன். குளிர்காலத்தில் களைக்கு எங்கே போவது? தூங்க வைப்பது பற்றியும் சொல்லுங்கள். பெட்டியோடு கராஜில் குளிராக வைத்தால் தானாகத் தூங்கிவிடும் என்று கடையில் சொன்னார்கள்.

மணல்மேடு எழுதியது:

கராஜ் வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த விஷயத்தில் ஆபத்தே நடுவாந்தரமான குளிர்தான். 12 முதல் 16 டிகிரியில் ஆமை சாப்பிடவும் செய்யாது, உண்மையாக உறங்கவும் செய்யாது. உடம்பில் இருக்கும் சேமிப்பை எரித்துக்கொண்டே பலவீனமாகும். உறைபனி இரவில் அதே கராஜ் பூச்சியத்துக்குக் கீழே போனால் கண் உறைந்து குருடாகிவிடும். விழிப்பு என்றால் முழு விழிப்பு, உறக்கம் என்றால் முழு உறக்கம்.

இந்த வருடம் விழித்திருக்கட்டும். புதிதாக வந்தது, எடை ஏறுகிறதா என்று இன்னும் தெரியாது, மலப் பரிசோதனையும் நடக்கவில்லை. விளக்குகளை 12-13 மணிநேரம் எரியவிட்டால் இயல்பாகத் தின்று நடமாடும். ஜன்னலில் வெளியே வெளிச்சம் குறைவதைக் கண்டு மந்தமாகலாம். பெட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

குளிர்கால இலைக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம். டேன்டிலயனும் பிளான்டைனும் தட்டுகளில் விதைத்து உள்ளே வளர்த்தால் வரும், ஆமைக்கென்று களை விதைக் கலவையே விற்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் எண்டிவ், எஸ்கரோல், ரேடிச்சியோ, லாம்ப்ஸ் லெட்டஸ் கிடைக்கும். ஐஸ்பர்க் லெட்டஸ் வேண்டாம். அதில் நாரும் இல்லை, சத்தும் இல்லை.

அடுத்த வருடம் உடம்பு தேறியிருந்தால் ஃபிரிட்ஜ் முறைதான் நம்பத்தக்கது. தனிச் சிறு ஃபிரிட்ஜ், 5 டிகிரி. 3-க்குக் கீழும் 8-க்கு மேலும் போகாமல் எச்சரிக்கை ஒலி எழுப்பும் தெர்மாமீட்டர். உள்ளே தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கினால் கதவு திறக்கும்போது வெப்பநிலை குதிக்காது. துளை போட்ட பெட்டியில் ஈர மண்ணோடு ஆமை. காற்றுக்காகத் தினமும் ஒருமுறை கதவைத் திறந்து மூடுங்கள். இதற்கு முன்பு இரண்டு மூன்று வாரம் உணவை நிறுத்தி, குளியலை மட்டும் தினமும் தொடர்ந்து, வெளிச்சத்தையும் சூட்டையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குடலில் உணவு மிச்சமிருந்தால் அந்தக் குளிரில் செரிக்காமல் அழுகும், ஆமை அதிலேயே இறந்துபோகும். பட்டினி போடுகிறோமே என்று மனம் இளகி நடுவில் ஒரு இலை கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

சின்ன ஆமைக்கு முதல்முறை நாலைந்து வாரம் போதும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மாதத்துக்கு ஒரு சதவீதம் குறைவது இயல்பு. மொத்தம் 10 சதவீதத்தை நெருங்கவே விடக்கூடாது. இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அன்றே எழுப்பிவிடுங்கள், சேமித்த நீர் போய்விட்டது. எழுந்தபின் விளக்கடியில் சூடேற்றிக் குளிப்பாட்டினால் முதல் நாளே குடிக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் தின்ன வேண்டும்.

எடைக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு நோட்டு, வாரம் ஒரு பதிவு. மாதம் சில கிராம் ஏறினாலே நல்ல வளர்ச்சி. அவசரமாக ஏறுவதைக் கண்டு மகிழாதீர்கள்.

மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சுவிடுதல், வீங்கி மூடிய கண் இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரையே தேடுங்கள். இன்னும் ஒன்று, பூச்சி மருந்தைச் சொந்தமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. ஐவர்மெக்டின் ஆமையின் மூளைக்குள் நுழைந்து முடக்கிக் கொன்றுவிடும். மலத்தைச் சோதித்துப் புழு இருந்தால் ஃபென்பெண்டசோல் கொடுப்பார்கள், அளவை எடைக்கேற்ப மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நிலவேம்பு எழுதியது:

காகிதத்தையும் பார்த்துவிடுங்கள் கீற்று. ஹெர்மன், கிரேக்க, மார்ஜினேட்டட் ஆமைகளை விற்க ஆர்டிகிள் 10 சான்றிதழ் (பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை விற்பதற்கான அனுமதி) கட்டாயம். பிரிட்டனில் அதை ஏபிஎச்ஏ என்னும் விலங்கு, தாவர நல அரசு அமைப்பு தருகிறது. வயிற்றுப்பக்க ஓட்டின் நீளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மைக்ரோசிப் வேண்டும். உங்களுடையது சிறியது, சிப் இல்லாமலிருக்கலாம். ஆனாலும் சான்றிதழ் கடை கொடுத்திருக்க வேண்டும். 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகள் காட்டில் பிடித்த மத்தியதரை ஆமைகளின் இறக்குமதியை நிறுத்தியதன் தொடர்ச்சிதான் இது. அதற்கு முன் கப்பல் கப்பலாக வந்து, பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. சான்றிதழ் தராவிட்டால் கடையில் கேட்டு வாங்குங்கள்.

துணைக்கு இன்னொரு ஆமை வாங்க நினைக்காதீர்கள். தனியாக இருப்பது அதற்குத் துயரமில்லை. குறிப்பாக வேறு இனத்தைச் சேர்க்கவே கூடாது: கிரேக்க ஆமை நோய் தெரியாமல் சுமக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஹெர்மனைக் கொல்லும்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: மேலே உள்ள எதையும் நட்சத்திர ஆமைக்குப் பொருத்த வேண்டாம். அது இப்படிக் குளிர் உறக்கம் கொள்ளாது. இந்தியாவில் அதை வீட்டில் வைத்திருப்பதே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வேலிப்பருத்தி எழுதியது:

விளக்கு வந்ததும் பெட்டியின் இரண்டு கோடியிலும் காலை, மதியம், இரவு என்ன டிகிரி என்று எழுதிப் போடுங்கள். குழலை எந்த உயரத்தில் தொங்கவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கூட்டவோ குறைக்கவோ சொல்ல முடியும். வெப்பமானியின் முனையைச் சுவரில் ஒட்டாமல், சூட்டு விளக்கின் அடியில் ஆமையின் முதுகு உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள்.