பழைய ஆண்டு மலர் யாரிடமாவது இருக்கிறதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி உறவுகளுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியின் ஆண்டு மலர் வரலாற்றைத் தொகுக்கிறேன். 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. இருந்த காலத்து இதழ்கள்தான் கிடைக்கவில்லை. பள்ளியில் இருந்தவற்றைக் கரையான் அரித்துவிட்டது.

அப்பா வைத்திருந்த ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்தது. விரலால் தடவினால் பக்கத்தின் பின்புறம் எழுத்தின் மேடு தட்டுப்படும். அப்போது படத்துக்குத் தனியாக பிளாக் (படத்தைப் பதித்த உலோக அச்சுக்கட்டை) எடுக்க வேண்டும், செலவு அதிகம். அதனாலோ என்னவோ மொத்தமே மூன்று படங்கள். கபடிக் குழுப் படத்துக்குக் கீழே "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கும் வரி பாதியில் கிழிந்திருக்கிறது. அந்தப் பெயர்கள் எனக்கு எப்படியாவது வேண்டும்.

1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது. அதையொட்டி வந்த மலர் கிடைத்தால் பெரிய புதையல்.

பெரியவர்களின் டிரங்குப் பெட்டியை, பரணை ஒருமுறை பாருங்கள். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். பின்னைப் பிடுங்காமல், பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். கூப்பிட்டால் நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்.