பீக் புஷ் 180 டிகிரியில் எவ்வளவு விரியும்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மணலி பக்கமிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. சூடான எண்ணெய் ஓடும் பம்புக்கு, 30 சதவீதம் கார்பன் நார்த்துண்டுகள் கலந்த பீக் (PEEK, சூடு தாங்கும் பிளாஸ்டிக்) ராடில் புஷ் (ஷாஃப்டைச் சுற்றித் தாங்கும் உருளை வளையம்) கடைந்து தர வேண்டும். எண்ணெய் 180 டிகிரி வரை போகும்.

பீக் உருகுவது 343 டிகிரியில், அதனால் அந்தப் பயமில்லை. ஆனால் 143 டிகிரி வாக்கிலேயே கண்ணாடி நிலை மாற்றம் வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் விறைப்பு குறைகிறது, விரிவும் வேகமெடுக்கிறது. கார்பன் நாரோ நீளவாக்கில் சூட்டுக்கு அசைவதே இல்லை எனலாம். ராடை எக்ஸ்ட்ரூட் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் படுத்துவிடுவதால், புஷ் நீளத்தில் அடங்கியிருக்கும், விட்டத்தில்தான் அதிகம் விரியும். எனக்கு முக்கியமே அந்த விட்டம்தான். கையில் இருக்கும் டேட்டா ஷீட்டில் விரிவுக்கு ஒரே ஒரு எண்தான். எந்தத் திசை, எந்த வெப்பநிலை என்று போடவில்லை. வெளியே எஃகு ஹவுசிங் இறுக்கிப் பிடிப்பதால், புஷ் உள்பக்கமாக விரிந்து ஷாஃப்டைக் கவ்விவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. ஓடும் பம்ப், பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

இதே மாதிரி வேலை செய்தவர்கள் 50 மி.மீ. ஷாஃப்டுக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? ரஃப் கட்டிங் முடித்து அனீல் செய்து (உள் இறுக்கம் போகச் சூடாக்கி மெல்ல ஆறவைத்து), அப்புறம் ஃபினிஷிங் எடுத்தீர்களா? குறுக்குத் திசையில் டைலட்டோமீட்டர் (சூட்டில் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் கருவி) சோதனையைச் சின்னத் துண்டுக்கும் செய்து தரும் ஆய்வகம் சென்னையில் எது? கிண்டி சிப்பெட்டில் (CIPET, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால், துண்டை என்ன அளவில் வெட்டிக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.