பொருள்: ‘ஸ்பூஃபிங்’ – ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தே., கோவை:
குழுவினருக்கு வணக்கம். நூலகத்தில் மூத்த குடிமக்களுக்கான கணினி வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். “நான் அனுப்பாத மின்னஞ்சல்கள் ‘சேரவில்லை’ என்று எனக்கே திரும்பி வருகின்றன, கணினியில் யாரோ புகுந்துவிட்டார்கள்” என்று பலர் பதறுகிறார்கள். கணக்குக்குள் உண்மையாகவே ஆள் புகுந்திருக்கலாம். அல்லது எங்கோ இருப்பவன் அனுப்புநர் இடத்தில் நம் முகவரியை எழுதி அனுப்பியிருக்கலாம். தபால் உறையில் யார் பெயரையும் எழுத முடிவதுபோல. மக்கள் இரண்டையும் ‘ஹேக்’ என்கிறார்கள். இரண்டாவதை ஆங்கிலத்தில் ‘ஸ்பூஃபிங்’ என்பார்கள்; அதற்குத் தமிழ் என்ன?

சு., மதுரை:
ஆள்மாறாட்டம். 2019-இல் நீட் தேர்வு ஆள்மாறாட்டச் செய்தி வந்தபோது யாரும் அகராதியைத் தேடவில்லை.

புலவர் க., தஞ்சாவூர்:
அந்த வழக்கில் தேர்வுக்கு ஆள் அனுப்பியதே மாணவர் தரப்புதான், தம்பி. இங்கே முகவரிக்கு உரியவர் ஒரு பாவமும் அறியாதவர். அவரையும் உடந்தை ஆக்கும் சொல் எதற்கு? வள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ அதிகாரத்தில் புதருக்குள் ஒளிந்து பறவையைப் பிடிக்கும் வேடனைக் காட்டுகிறார்: “புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று.” சிமிழ்த்தல் என்றால் அகப்படுத்தல். ‘சிமிழ்மடல்’ என்போம். சிமிழ், இமிழ், உமிழ், குமிழ் ஆகியவற்றின் வேர் உறவைப் பற்றி என்னிடம் விரிவான குறிப்பு உண்டு, நாளை அனுப்புகிறேன்.

நி., யாழ்ப்பாணம்:
ஐயா, வகுப்பில் உள்ளவர்கள் குங்குமச் சிமிழைத்தான் நினைப்பார்கள். அதோடு, அந்த வேடன் ஆளைச் சிக்கவைக்கும் ஃபிஷிங்குக்குப் பொருந்துவான். அதற்குத் ‘தூண்டில்’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘பொய்ம்முகவரி’ போதாதா?

தே., கோவை:
முகவரி மெய்யானது அம்மா. எழுதியவன்தான் பொய்.

அ., பெங்களூரு:
மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) நிர்வாகம் என் வேலை, அதனால் குறுக்கிடுகிறேன். 1982-இல் வந்த, மின்னஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புகிறவன் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பியது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் அனுப்புநர் மெய்யா என்று சரிபார்க்கப் பின்னால் வைத்த பூட்டுகள். சொல் எதுவானாலும் பிரித்தறியும் வழி கையேட்டில் இருக்கட்டும். ‘அனுப்பியவை’ பெட்டியைப் பாருங்கள்; ஆனால் அது வெறுமையாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், புகுந்தவன் அழித்திருக்கலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் அடியில் வலப்பக்கம் உள்ள ‘விவரங்கள்’ இணைப்பு, கணக்கு அண்மையில் எங்கிருந்து திறக்கப்பட்டது என்று காட்டும். அமைப்புகளில், வரும் அஞ்சல் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது விதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் அந்த விதி அப்படியே கிடக்கும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக் கணினியில் தீநிரல் (வைரஸ் போன்றது) இருக்குமோ என்று ஐயம் இருந்தால், கடவுச்சொல்லை வேறொரு கருவியில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அவன் கைக்குப் போய்விடும். எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் உங்கள் முகவரியை வெளியே எவனோ பயன்படுத்துகிறான்; திரும்பி வரும் மடல்களில் உள்ள இணைப்புகளைத் தொடாமல் அழித்துவிடலாம்.

சு., மதுரை:
அப்படியானால் ‘போலி அனுப்புனர்’. பள்ளியில் கடிதம் எழுதிய எவருக்கும் புரியும்.

புலவர் க.:
அனுப்பு‘ந’ர்! நன்னூல் சொல்லும் பெயரிடைநிலை அது. பெறுநர், ஓட்டுநர், இயக்குநர். ‘இயக்குனர்’ என்று சுவரொட்டி தோறும் அச்சிட்டு...

நி., யாழ்ப்பாணம்:
ஐயா, வெள்ளிக்கிழமை.

தே., கோவை:
‘போலி அனுப்புநர்’ என்றே போடுகிறேன். புகுந்தவனுக்கு, அதாவது ஹேக்கருக்கு, ‘கொந்தர்’ என்று எழுதியிருந்தேன், முன்வாசிப்புச் செய்த பெரியவர் “அணில் கொந்திய கொய்யாவா?” என்று கேட்டார். அங்கே ‘கணக்கில் புகுந்தவர்’ என்று விரித்துவிட்டேன்.

அ., பெங்களூரு:
சரி. ஆனால் ‘போலி அனுப்புநர்’ ஆளின் பெயர், ஸ்பூஃபிங் ஒரு செயல். வினையாக்க என்ன செய்வீர்கள்? ‘போலியனுப்புதல்’ என்றால் போலிப் பொருளை அனுப்புவதாகிவிடும்.

புலவர் க.:
சிமிழ்த்தலுக்கு இந்தச் சிக்கலே இல்லை. இரண்டாம் பதிப்பு வருமல்லவா? வேர்க் குறிப்பை இணைத்துள்ளேன், பதினான்கு பக்கம்.