ஆட்டுக்கு ஸ்கின், மாட்டுக்கு ஹைடு: எப்பவும் சரிதானா?

ஆம்பூர் ஷிப்பிங்:
தமிழில் எல்லாமே தோல்தான், அதனாலதான் இங்கிலீஷ் மெயிலில் குழப்பம். மாடு, எருமைன்னா ஹைடு. வெள்ளாடு, செம்மறின்னா ஸ்கின். 'கோட் ஹைடு'ன்னு பில் போட்டா, நாம தொழிலுக்குப் புதுசுன்னு சரக்கு வாங்குற பையருக்குத் தெரிஞ்சுடும். இதுல பேச இன்னா இருக்குது?

சத்துவாச்சாரி வாத்தியார்:
இருக்குது அண்ணே. கன்னுக்குட்டியும் மாட்டு இனம்தான், அதுக்கு 'காஃப் ஸ்கின்'. அப்போ கணக்கு இனத்துல இல்ல, உருவத்துல. பெரிய உடம்பு, கனமான தோல்னா ஹைடு. நடுவுல நிக்கிறது கிப்.

ஆம்பூர் ஷிப்பிங்:
கிப்பை எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா தம்பி! ஆவாரம்பட்டையில பதனிட்டு லண்டன் போன 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' வட ஆற்காட்டுச் சரக்கும்தான். அது கன்னுத் தோல் இல்ல, வளர்ந்த மாடு. நம்ம நாட்டு மாடு சின்ன உருவம், அவ்ளோதான்.

சத்துவாச்சாரி வாத்தியார்:
நான் சொன்னதைத்தானே சொல்றீங்க? வளர்ந்த மாடே உருவம் சிறுத்தா பேர் மாறுது.

ஆம்பூர் ஷிப்பிங்:
சரி, முதலை? மாட்டைவிட நீளம். அதுக்கு ஏன் 'கிரோக்கடைல் ஸ்கின்'?

மேல்விஷாரம் பேக்கிங்:
ரெண்டு பேரும் கஸ்டம்ஸ் அட்டவணையைப் பாருங்க. அதுல 4101-ங்கிற எண்ணுல மாடு, எருமை, குதிரை; தலைப்பே 'ஹைட்ஸ் அண்ட் ஸ்கின்ஸ்'. உள்ளே முழுத் தோலை எடை வெச்சுப் பிரிக்குது: வெறுமனே காய வெச்சதுன்னா 8 கிலோ, உப்பு போட்டுக் காய வெச்சதுன்னா 10, பச்சையாவோ ஈர உப்புலயோ இருந்தா 16 கிலோ வரைக்கும் ஒரு வகை. 4102 செம்மறிக்கு, அங்க ஸ்கின் மட்டும்தான்.

நிஜத் தகராறு எண்ணிக்கையில வரும். மாட்டுத் தோலை முதுகுத்தண்டு வாக்குல ரெண்டா வெட்டினா ஒவ்வொண்ணும் ஒரு 'சைடு'. '50 ஹைட்ஸ்'னு ஆர்டர் வந்து வெட்டி அனுப்பினா, பேக்கிங் லிஸ்டில் 100 பீஸ் நிக்கும், பையர் கேள்வி கேப்பான். '50 ஹைட்ஸ், 100 சைட்ஸ்'னு ரெண்டையும் எழுதிடுங்க. ஆட்டுத் தோல் முழுசா போறதால அந்தச் சிக்கல் இல்ல.

இன்னொண்ணு, வெறும் 'ஷீப் ஸ்கின்'னு எழுதினா ரோமத்தோட இருக்கிற தோல்னே வெளிநாட்டுல பலர் எடுத்துக்குவாங்க. ரோமம் எடுத்துப் பதனிட்டதுக்கு 'ஷீப் லெதர்'னு போடுங்க.

சத்துவாச்சாரி வாத்தியார்:
சரிதான் பாய். ஆனா அதே 4101-ல், எடை குறைஞ்ச வகையில 'வெயிட் பெர் ஸ்கின்'னு இருக்குது பாருங்க. 16 கிலோவைத் தாண்டின வகையில அந்த 'பெர் ஸ்கின்' காணோம். அளவுதான் கணக்கு.

ஆம்பூர் ஷிப்பிங்:
முதலைக்கு இன்னும் பதில் வரல தம்பி.