‘ஹிடன் கட்’ – தமிழில் என்ன?

நண்பர்களே,
‘1917’ படம் பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஹிடன் கட்’ வரும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்திருக்கிறேன். 119 நிமிடமும் ஒரே ஓட்டமாக எடுத்ததுபோல் தெரிந்தாலும் பல துண்டுகள்தாம். கேமரா இருட்டுக்குள் நுழையும்போதோ, ஒருவர் முதுகு சட்டகத்தை மூடும்போதோ ஒட்டிவிடுகிறார்கள். ‘மறைவெட்டு’ போதுமா?
– செ.

‘மறை’ என்றால் பாதிப்பேர் வேதத்துக்குப் போய்விடுவார்கள். ‘ஒளிவெட்டு’ இன்னும் மோசம். ஒளிப்பதிவுப் பாடத்தில் வெளிச்சம் என்றே படிப்பார்கள். ‘காக்கை கரவா’ குறள் தெரியாதவர் யார்? கரத்தல் என்றால் ஒளித்தல். பாட்டுக்குள் பாட்டை ஒளித்துவைத்தால் கரந்துறைபாட்டு. ஆகவே ‘கரந்துறை வெட்டு’. போர்ப்படம் வேறு, கரந்தைத் திணையும் துணைக்கு வரும்.
– ம.வே.

ஐயா, கரந்தை பூ. ஆநிரை மீட்கப் போனவர்கள் சூடியது. அதைக் கரத்தலோடு முடிச்சுப் போட வேண்டாம்.

என் குறை வேறு. வெட்டுவது எளிது, ஒட்டுவதுதான் வேலை. முன்துண்டு முடியும் சட்டகமும் பின்துண்டு தொடங்கும் சட்டகமும் கேமராவின் உயரம், திசை, வேகம், வெளிச்சம் நான்கிலும் பொருந்தாவிட்டால் படம் துள்ளும். மேகமூட்டத்தில் தொடங்கியதை வெயிலில் தொடர முடியாது; அந்தக் குழு மேகத்துக்காகக் காத்துக் கிடந்தது அதனால்தான். ‘கள்ள ஒட்டு’ என்போமே?
– நி.

அச்சுக்கோப்பவர் ஒரு சுழி கூட்டினால் கள்ள ஓட்டு!
– ம.வே.

சிரிப்பு இருக்கட்டும். படத்தின் பலவீனமும் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. காட்சி தொய்ந்தால் எடிட்டிங் மேசையில் நறுக்க முடியாது. வசனம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நீளத்துக்குப் பதுங்குகுழி வெட்டியாக வேண்டும். ஒத்திகையில் கணக்குத் தவறினால் நடிகர் பேசி முடிக்கும் முன் குழி முடிந்துவிடும். பார்ப்பவர்களும் பாதியில் கதையை விட்டு ஒட்டுத் தேட ஆரம்பிக்கிறார்கள். ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் கிடைத்தது நியாயமே. ஆனால் எனக்குப் பிடித்தது, நாயகன் மயங்கித் திரை கறுத்து, பகல் இரவாகும் இடம். அந்த ஒரு வெட்டை ஒளிக்கவே இல்லை.
– நி.

அப்படியானால் அதற்கு ‘வெளிவெட்டு’. எதிர்ச்சொல்லும் அமைவதால் ‘மறைவெட்டு’ என்றே அனுப்புகிறேன். வேறு யாரும் பதில் போடவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.
– செ.

நான் சம்மதிக்கவில்லை. ‘மறை’ வேதமல்ல, வினைத்தொகை என்றாவது அடிக்குறிப்புப் போடுங்கள்.
– ம.வே.