பைண்டிங் பள்ளம் எடுக்கும்போது மரம் பெயர்கிறது, அவசரம்

வெண்ணாற்றங்கரை:
எலக்ட்ரிக் கிட்டார் பாடி செய்கிறேன். ரவுட்டரில் (மரம் குடையும் மின்கருவி) பைண்டிங் பள்ளம், அதாவது விளிம்பில் ஒட்டும் பட்டைக்கான பள்ளம், எடுத்தபோது கொம்புப் பக்கம் (கழுத்தருகே நீளும் முனை) பொட்டுக்கடலை அளவு சில்லு பிய்ந்துவிட்டது. ஓரிடத்தில் பள்ளம் சாய்ந்தும் இருக்கிறது. நாளை பட்டை ஒட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

குடந்தை பேஸ்:
என்ன மரம்? பிட்டில் (வெட்டும் அலகு) பக்கச் சுவரைத் தொட்டு ஓடும் பேரிங் உண்டா? மேல்பக்கம் முழுக்கத் தட்டையா?

ஐப்பசி மழை:
ஈரம்தான் காரணம். அடைமழையில் இங்கே எந்த மரமும் காயாது. ஒரு மாதம் வீட்டுக்குள் வையுங்கள்.

கொள்ளிடம்:
ஈர மரத்தில் பிசிர் எழும். சில்லு பெயர்வது வேறு விஷயம்.

பட்டறை மூத்தவர்:
தம்பி, பட்டையின் அளவைக்கூடச் சொல்லாமல் கேட்டால் யார் பதில் சொல்வது? துண்டுக் கட்டையில் பத்து முறை ஓட்டிப் பழகாதவர் பாடியில் கை வைக்கக் கூடாது.

வெண்ணாற்றங்கரை:
மன்னிக்கவும். பலா, பழைய வீட்டுத் தூண். பட்டை 1.5 மி.மீ. தடிமன், 6 மி.மீ. உயரம். பேரிங் பிட், ஒரே ஓட்டு. முழங்கை படும் இடத்தில் மட்டும் சரிவு உண்டு.

பட்டறை மூத்தவர்:
பலா வீணைக்கான மரம். கிட்டாருக்கு எதற்கு?

கொள்ளிடம்:
ஏன் ஆகாது ஐயா? தஞ்சாவூர் வீணையே பலாதான். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்குப் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். நாள்பட்ட மரம் நல்ல மரம்.

பட்டறை மூத்தவர்:
வீணைக் குடத்தை உள்ளே குடைகிறார்கள். இது முழுக்கட்டை. தோளில் மாட்டிப் பாருங்கள், கனம் தெரியும்.

குடந்தை பேஸ்:
மரச் சண்டை அப்புறம். சரிவில் ரவுட்டரின் அடித்தட்டு சாய்கிறது, பிட்டும் கூடவே சாய்கிறது. பாடியைத் தட்டையாகக் கிடத்தி, ரவுட்டரை நெட்டுக்குத்தாகவே பிடிக்கும் தாங்கி செய்யுங்கள். பிட் எப்போதும் பக்கச் சுவருக்கு இணையாக நிற்க வேண்டும்.

சில்லு பெயர்ந்தது மர ரேகைக்கு எதிராக ஓட்டியதால். அகலமான இடத்தில் தொடங்கி இடுப்பை (பாடி நடுவில் ஒடுங்கும் இடம்) நோக்கி ஓட்டுங்கள். கொம்புக்கும் அப்படியே, அகலத்திலிருந்து முனைக்கு. இதில் சில பகுதிகளில் பிட் சுழலும் திசையிலேயே ரவுட்டர் போகும், கையைப் பிடுங்கும். கிளாம்பை இறுக்கி, ஒவ்வொரு ஓட்டுக்கும் 1 மி.மீ. ஆழமாக இறங்குங்கள். முதலில் கத்தியால் கோடு கீறிவிட்டால் நார் அந்தக் கோட்டோடு அறுந்துவிடும். பக்கச் சுவரை உப்புத்தாளால் சமமாக்குங்கள். அதில் மேடு இருந்தால் பேரிங் அதையே பள்ளத்தில் காட்டும். பிய்ந்த சில்லு இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
சில்லு தரையில் கிடைத்தது. ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன், கோடு தெரியவில்லை. இன்னொரு கொம்பை அகலத்திலிருந்து ஓட்டினேன், பெயரவில்லை. தாங்கி இனிதான். நன்றி அண்ணா.

ஐப்பசி மழை:
பட்டையை நாளை ஒட்டாதீர்கள். ஈரம் போகட்டும்.